ஓவசியருக்குச் சொன்ன சாட்டுகள்

ஸ்ரனிஸ்லஸ் ஓவசியருக்குக் கோபம் வந்தால் சைக்கிளுக்குத்தான் உதை விழும். மனிதரை ஏச அவருக்கு வாய் வராது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அந்தச் சைக்கிள் வாங்கிய உதைக்குக் கணக்கில்லை.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தகப்பன் வள்ளம் கட்டுகிறவர். மகன் கட்டட வேலை படித்து ஓவசியரானார். கரைச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து உள்ளே வந்தபோது அவரும் மனைவி மார்கிறட்டும் ஒட்டுசுட்டானில் ஒரு துண்டுக் காணியில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். அங்கே ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் கட்டுகிற மண்கல் வீடுகளைப் பார்த்து, சரி பிழை சொல்வதுதான் வேலை.

ஒன்பது மைல் தள்ளி, காட்டோரத்தில் வீரையடி என்ற புதுக் குடியேற்றம். அங்கே பன்னிரண்டு வீடுகள். மண்ணைக் குழைத்துக் கல் அரிந்து, சுவரை ஏழடிக்கு எழுப்பி, வாசல் நிலையும் வைப்பது வீட்டுக்காரரின் பாடு. பிறகு ஓவசியர் போய்த் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். சுவர் நேராக நின்றால் படிவத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்குவார். அதன் பிறகுதான் கூரைக்குப் பனஞ்சலாகையும் கிடுகும் வரும். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது கண்டிப்பான சட்டம். ஆளில்லாத வீட்டைப் பார்த்தால் அது பார்த்ததாகாது.

ரெலிபோன் என்ற சாமானை வன்னிச் சனம் மறந்து கன காலம். ஓவசியர் ஒரு துண்டில் நாளையும் நேரத்தையும் எழுதி, வீரையடிப் பக்கம் போகிற மீன்காரரிடம் கொடுத்து விடுவார். துண்டு ஒழுங்காகப் போய்ச் சேரும். மறுமொழி மட்டும் வராது. ஒன்பது மைல் மிதித்து, புழுதி குடித்து, படலையடியில் போய் இறங்கிய பிறகுதான் அது அவருக்காகக் காத்து நிற்கும்.

"ஐயா, இண்டைக்குக் கரிநாள்."

"ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல். வாற கிழமை பாப்பம்."

"நிவாரணம் குடுக்கிற நாளெண்டு அவர் விடியவே போயிட்டார் ஐயா."

ஒரு வீட்டில் மாமியார் செத்துப்போனா என்றார்கள். ஓவசியர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, ஒரு செபமும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அடுத்த கிழமை அதே மாமியார் படலைக்கு வந்து, "இண்டைக்கும் வசதிப்படாது ஐயா" என்று தன் வாயாலேயே சொன்னா. அன்றைக்குச் சைக்கிளின் மட்காட் நெளிந்தது.

இத்தனைக்கும் தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முதல் ஏழு வீட்டுக்காரரும் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் நின்றார்கள். எட்டாவது வீட்டிலிருந்துதான் சாட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். மிச்சம் ஐந்து வீடு. அந்த ஐந்திலும் ஆகப் பெரிய தலையிடி நாகேஸ்வரி.

நாகேஸ்வரி புருஷனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகள். கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டு மூன்று இடம் மாறி, நாலாவதாக வீரையடிக்கு வந்தவள். கல்லும் தானே அரிந்து சுவரும் தானே எழுப்பினாள். தெருவில் நின்று பார்த்தாலே சொல்லலாம், பன்னிரண்டு வீட்டிலும் அவள் வீட்டுச் சுவர்தான் திறம். ஆனால் நாலு தரம் நாள் வைத்து நாலு தரமும் குழப்பிவிட்டாள். முதலில் காய்ச்சல், பிறகு கரிநாள், அதற்குப் பிறகு யானை. நாலாவது தரம், "அம்மா இல்லை" என்று மூத்த மகள் படலையில் நின்று சொன்னாள். பிள்ளைக்குப் பின்னால், தறப்பாள் கொட்டிலின் கீழ் விளிம்பில், அம்மாவின் இரண்டு கால்களும் தெரிந்துகொண்டிருந்தன.

மூன்று தரம் நாள் தவறினால் பட்டியலிலிருந்து பெயரை வெட்ட வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருந்தது. ஓவசியர் அவளுடைய பெயருக்கு நேரே ஒருமுறை "பாதை சரியில்லை" என்றும், இன்னொருமுறை "சைக்கிள் காற்றுப் போய்விட்டது" என்றும் எழுதி வைத்தார். பொய் எழுதியது அவருக்கு உறுத்தியது. வெட்டியிருந்தால் அதைவிட உறுத்தியிருக்கும்.

புரட்டாசி முடிகிற நேரம் பொறுப்பாளர் பரமலிங்கம் அவரைக் கூப்பிட்டார்.

"ஓவசியர், வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டியலை மூடுறன். சனிக்கிழமை உழவு மெசினில கிடுகு போகும். இதுக்குப் பிறகு மண்ணெண்ணெய் கிடைக்காது, தைக்குத்தான் அடுத்த நடை."

தைக்கு முன்னே மாரி வந்துவிடும். கூரையில்லாத மண்சுவர் ஒரு கிழமை மழைக்குத் தாங்காது. நாகேஸ்வரி ஆறு மாதம் குழைத்த மண் திரும்பவும் நிலத்தோடு நிலமாகப் போய்விடும். ஐந்து குடும்பத்துக்கும் அதே கதிதான்.

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை மார்கிறட் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தா. வந்தவா கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினா. நிறுத்த முடியவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குச் சேவல் இறைச்சியெண்டால் உயிராமே."

"ஆருக்கு, எனக்கோ?"

மீனுக்கு முன்னால் கோழியெல்லாம் ஒரு கறியா என்று கேட்கிற கரைக்காரர் அவர். மார்கிறட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற வீரையடிப் பெண் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னா.

கதை இதுதான். முதன்முதலில் பார்த்தது அப்புத்துரையின் வீடு. அப்புத்துரை ஒரு கோழி அடித்துச் சாப்பாடு கொடுத்தார். மரியாதைக்கு ஓவசியரும் சாப்பிட்டு, "கறி நல்லாயிருக்கு அண்ணை" என்றார். சாப்பிட்டு எழும்பித் தூக்குக்குண்டு விட்டால், மூலைச் சுவர் இரண்டு அங்குலம் சரிந்து நின்றது. இடித்துக் கட்டச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீரையடி கூடி யோசித்தது. கோழி முற்றல், அதனால்தான் மனுசன் சுவரை இடிக்கச் சொன்னார் என்று முடிவு கட்டியது. அப்புத்துரை சுவரைத் திருத்திக் கட்டியபின், இந்த முறை ஓர் இளஞ்சேவலை அடித்தார். வீடு சரி வந்தது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"ஏழு வீட்டில ஏழு சேவல் திண்டிருக்கிறியள்" என்றா மார்கிறட். "இப்ப அந்த ஊரில விடியக் கூவ ஒண்டும் மிச்சமில்லையாம். மற்ற அஞ்சு வீட்டுக்காரரும் குஞ்சு வளர்க்கினம். அதுகள் வளருமட்டும் நீங்கள் வரக்கூடாதாம்."

மார்கிறட் சிரித்தா. ஓவசியர் சிரிக்கவில்லை. இருபது வருட வேலையில் ஒருவரிடமும் ஒரு தேங்காய்கூட வாங்காதவர் அவர். எட்டு முறை இலைக்கு முன்னால் இருந்து, நல்ல மனமுள்ள சனம் என்று நினைத்துச் சாப்பிட்டாரே. அது அவர்கள் பயந்து வைத்த சோறு என்று தெரிந்ததும் வெட்கத்தில் அவருக்கு முகமெல்லாம் சுட்டது.

மறுநாள் விடியவே வீரையடிக்குப் போனார். கதையை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்ற வீறாப்பில் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. தேத்தண்ணி நீட்டினார்கள், வேண்டாம் என்றார். தண்ணீர் நீட்டினார்கள், அதுவும் வேண்டாம் என்றார். ஐந்து வீட்டிலும் அன்றைக்கும் சாட்டுத்தான். விறைத்த முகத்தோடு திரும்பிவிட்டார். அந்த வெயிலில் ஒன்பது மைல் வந்த மனிதர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் போனால் சனம் என்ன நினைக்கும்? வியாழக்கிழமை காலையில் அப்புத்துரை சைக்கிளில் மூச்சு வாங்க ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர்ந்தார்.

"ஓவசியர் ஐயா, ஊரில எல்லாரும் பயந்துபோய் இருக்கினம். கோழி இல்லையெண்ட கோவத்தில தண்ணியும் குடியாமல் போயிட்டியளாம். அஞ்சு வீட்டையும் வெட்டிப் போடுவியளெண்டு கதைக்கினம்."

"அண்ணை, எனக்குக் கோழி பிடிக்காது."

அப்புத்துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். எட்டுச் சட்டி கறியில் பாதியைச் சாப்பிட்ட மனிதர் இப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்?

"எனக்குத் தெரியும் ஐயா, நீங்கள் எங்களில இரக்கப்பட்டுச் சொல்லுறியள்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஓவசியர் சைக்கிளைப் பார்த்தார். உதைக்கவும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஓவசியர் துண்டு அனுப்பவில்லை. மார்கிறட் இடியப்பம் வைத்தா, அதையும் தொடவில்லை. வெறும் வயிற்றோடு ஒன்பது மைல் மிதித்து நேரே நாகேஸ்வரியின் படலையில் போய் இறங்கினார். தறப்பாளின் கீழே வழக்கம்போல இரண்டு கால்கள் தெரிந்தன.

"தங்கச்சி," என்றார் அந்தக் கால்களைப் பார்த்து, "காலமை ஒண்டும் சாப்பிடேல்ல. பசிக்குது. வீட்டில என்ன இருக்கோ அதைத் தாங்கோ."

கால்கள் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"மரவள்ளிக்கிழங்குதான் ஐயா அவிச்சது. உங்களுக்குத் தரக்கூடிய சாப்பாடு இல்லை."

"சம்பல் இருக்கோ?"

"இருக்கு. உறைப்புக் கூட."

"பிறகென்ன, கொண்டு வாங்கோ. உள்ளுக்கு வேண்டாம், இந்தத் தெருவோரத்தில இருக்கிறன்."

நாகேஸ்வரி வெளியே வந்தாள். கண்ணெல்லாம் கலங்கி, கையில் ஒரு கோப்பை கிழங்கும் சம்பலும். ஓவசியர் வீரைமரத்தடியில், ஊரே பார்க்கிற இடத்தில், சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டார். படலைக்குப் படலை தலைகள் எட்டிப் பார்த்தன. அப்புத்துரை தெருவுக்கே வந்துவிட்டார். ஓவசியர் இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். உண்மையாகவே பசி. உண்மையாகவே ருசி.

"சேவல் வளர இன்னும் ஒரு மாசம் செல்லும் ஐயா" என்று நாகேஸ்வரி மெல்லச் சொன்னாள். முற்றத்தில் காலும் கழுத்துமாக ஒரு குஞ்சு ஓடித் திரிந்தது. "அதுதான் நாளைத் தள்ளித் தள்ளிச் சொன்னனான். நீங்கள் வெறும் வயித்தோட போனால் வீடு சரிவராதெண்டு பயந்திட்டன். மழை பெய்தால் நாங்கள் நித்திரை கொள்ளுறேல்ல ஐயா. தறப்பாள் பறக்காமல் நான் ஒரு மூலையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன், மூத்தவள் மற்ற மூலையைப் பிடிப்பாள். ரெண்டு மாரி அப்பிடித்தான் போச்சு."

ஓவசியர் குனிந்து கண்ணைத் துடைத்தார். சம்பலின் உறைப்பு என்று காட்டிக்கொண்டு தண்ணீர் கேட்டுக் குடித்தார். கையைக் கழுவிவிட்டுத் தூக்குக்குண்டை எடுத்தார். நாலு மூலையிலும் நூல் சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு மயிரிழை பிசகில்லை. பிறகு வாசல் நிலையில் மட்டம் வைத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"நிலை இடப்பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கு. இதைத் திருத்தாமல் நான் கையெழுத்து வாங்கமாட்டன்."

தெருவில் நின்ற சனம் ஒருவரையொருவர் பார்த்தது. தெருவில் இருந்து ஆசையாகச் சாப்பிட்டார். கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு பிழையும் பிடிக்கிறார். அப்புத்துரைதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப என்ரை சுவர் உண்மையாவே சரிஞ்சுதான் நிண்டதோ?"

"ரெண்டு அங்குலம், அண்ணை."

சிரிப்பு அப்புத்துரையிடம் தொடங்கி ஊர் முழுக்கப் பரவியது. பொய்யாகச் செத்த அந்த மாமியாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. அப்புத்துரை நிலையைத் தோள்கொடுத்துத் தூக்கிப் பிடிக்க, நாகேஸ்வரி அடியில் கல்லை இறுக்கி மண் அப்பினாள். ஒரு மணித்தியாலத்தில் நிலை நேரானது. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவளுடைய விரல்களில் மண் காயவில்லை. படிவத்திலும் மண் பட்டது.

மற்ற நாலு வீட்டுக்காரரும் தாங்களாகவே வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பை கிழங்கு. மறுத்தால் திரும்பவும் கதை கிளம்பும் என்ற பயத்தில் ஓவசியர் ஒன்றையும் மறுக்கவில்லை. பின்னேரம் நாலரைக்கு, பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்திக்கொண்டு, அவர் கந்தோருக்குள் போய்ப் படிவங்களை வைத்தபோது பரமலிங்கம் பேனையை மூடிக்கொண்டிருந்தார். திரும்பவும் திறந்து, மிச்ச ஐந்து பெயர்களையும் எழுதினார்.

சனிக்கிழமை கிடுகு போனது. ஊரே சேர்ந்து ஐந்து நாளில் ஐந்து கூரையும் போட்டது. அதற்கு அடுத்த நாள் விடியவே மழை பிடித்துக்கொண்டது. வானம் கிழிந்ததுபோல ஊற்றியது.

ஓவசியருக்குக் கொட்டிலுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. சுவர் நிற்குதோ, கிடுகு ஒழுகுதோ என்று வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தார். கடைசியில் ஓர் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"இந்த மழைக்குள்ள ஆர் உங்களுக்கு நாள் குடுத்தது?" என்று கேட்டா மார்கிறட்.

"ஒருத்தரும் தரேல்ல. சும்மா பாத்திட்டு வாறன்."

வீரையடித் தெரு முழங்கால் வெள்ளம். நாகேஸ்வரியின் முற்றத்திலும் தண்ணீர் ஓடியது. ஆனால் தாழ்வாரத்தின் கீழே சுவர் காய்ந்து கிடந்தது. ஓவசியர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மூலைகளையும் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. பிறகு வாசலில் தொங்கிய சாக்குப் படங்குக்கு முன்னால் நின்று, "தங்கச்சி" என்று கூப்பிட்டார்.

இன்னொருமுறை கூப்பிட வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. ஒன்றல்ல. பெரிய குறட்டை ஒன்று, அதற்குப் பக்கத்தில் சின்னக் குறட்டை இரண்டு. பகல் பதினொரு மணி. மழை கூரையில் அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தது. தாயும் பிள்ளைகளும் இரண்டு மாரிக்கும் சேர்த்து நித்திரை கொண்டிருந்தார்கள்.

ஓவசியர் சைக்கிள் மணியில் கை படாமல், அதைச் சத்தமில்லாமல் தூக்கித் திருப்பினார். வீட்டுக்காரியைக் காணாமலே திரும்பி ஒன்பது மைலும் நனைந்து மிதித்தார். வழி நெடுக அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.