சாமி அறை நாற்றுமேடை

எங்கள் வீட்டுச் சாமி அறையில் சாமிகளுக்கு இடம் போதாமல் போன மாரிகாலம் ஒன்று உண்டு. பிள்ளையாரும் லட்சுமியும் சுவரில் ஆணிக்கு ஏறிவிட்டார்கள். வேல் மட்டும் ஒரு முக்காலியில் ஒடுங்கி நின்றது. மிச்ச நிலம் முழுவதும் மிளகாய்க் கன்றும் தக்காளிக் கன்றும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. கன்றுகளை மிதிக்காமல் ஒற்றைக் காலில் நின்று விபூதி பூசப் பழகியிருந்தேன்.

கன்றுகளின் சொந்தக்காரி என் மாமி, அப்பாவின் தங்கை. கலியாணம் பேசிப் பேசிச் சரிவராமல் எங்களோடு இருந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. அவர்தான் குடும்பத்தில் மூத்தவர். அவருடைய வீட்டில் அவர் சொல் எடுபட்டதா என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் எடுபட்டது.

கொக்குவிலில் எங்கள் கிணற்றுக்குப் பின்னால் ஒரு துண்டுச் செம்மண் காணி கிடந்தது. மாமியின் சீதனத்துக்கென்று ஒதுக்கிய காணி. மாப்பிள்ளை வராதபடியால் காணிக்கும் ஆள் வரவில்லை என்று சொல்லி, பெரியப்பா வருசா வருசம் அதில் புகையிலை நட்டார். அந்த வருசம் மாமி வாய் திறந்து கேட்டுவிட்டார்.

"காணி என்ரை எண்டால் நானே செய்யிறன் அண்ணை. மிளகாய் வைக்கப்போறன்."

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஆறுதலாகச் சிரித்தார். அவருடைய நியாயம் மிகவும் எளிமையானது. மாதத்தில் சில நாள் பெண்களுக்குத் துடக்கு. அந்த நாளில் மிளகாய்க் கன்றில் கை பட்டால் இலை கருகிப்போகும். கன்றையோ ஒருநாளும் ஆளில்லாமல் விட முடியாது. "அப்ப எப்பிடித் தோட்டம் செய்யிறது, சொல்லு பாப்பம்," என்றார். மாமி அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. அப்படியே நின்றார். நின்று நின்றே அவரைக் களைக்க வைத்துவிட்டார்.

"சரி. தைப்பொங்கலுக்கு நடுகிற பருவத்திலை உன்னட்டை மிளகாய்க் கண்டு இருந்தால் காணியை நீ செய். இல்லாட்டி நான் பொயிலை வைப்பன். பேந்து உந்தக் கதை எடுக்கப்படாது."

தாராளமாகத்தான் சொன்னார். ஏனென்றால் எங்கள் பக்கத்து மாரி எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். முற்றத்தில் மேடை போட்டு விதைத்தால், முளைத்து இரண்டு இலை விடும்போது மழை வந்து அடித்துக்கொண்டு போகும். தப்பியது அடியழுகிச் சாயும். முந்தின வருசமும் மாமி வீட்டுத் தேவைக்கென்று போட்ட மேடை ஒரே இரவில் குளமாகிப் போனது.

ஆகவே மாமி மேடையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். விதையை ஈரத் துணியில் முடிந்து, குசினியில் அடுப்புச் சூடு படுகிற தட்டில் வைத்தார். முளை வெடித்ததும் நட ஏதாவது ஏனம் வேண்டுமே. வடலிப் பனை ஓலை வெட்டுவித்து, விறாந்தையில் இருந்து பிளாக் கோலினார். பிளா என்றால் ஓலையை மடித்துக் கட்டும் குவளை. கூழ் குடிக்கவும் உதவும், கள்ளுக் குடிக்கவும் உதவும். அதில் செம்மண்ணும் எருவும் சாம்பலும் நிரப்பிக் கன்று வைத்தால், நடும்போது வேரைக் குழப்பாமல் பிளாவோடேயே மண்ணில் இறக்கிவிடலாம் என்பது மாமியின் கணக்கு.

அடுத்தது இடம். கிழக்கு வெயில் தாராளமாக விழும் யன்னல் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது சாமி அறையில் இருந்தது. கோழி வராது, ஆடு வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாமிக்கு முன்னால் வைத்த பொருளைப் பெரியப்பாவாலும் தூக்கி எறிய முடியாது. மாமி இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்தார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது பக்தி என்று நினைத்தேன்.

பெரியப்பா தினமும் காலையில் எங்கள் சாமி அறைக்குத்தான் கும்பிட வருவார். பரம்பரை வேல் அங்கே இருந்தது. முதல் நாள் வாசலில் நின்று வரிசை வரிசையாக இருந்த பிளாக்களைப் பார்த்தார்.

"சாமி அறையைக் கள்ளுத் தவறணை ஆக்கிப்போட்டாளே," என்றார் அம்மாவிடம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அது அழுகை இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுவார், ஆனால் ஒரு கண் முழுதாக மூடாது. அந்தக் கண் கன்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும். தக்காளிக் கன்று கண்டபாட்டுக்கு நெடுத்து வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தால், "என்ன, சாமிக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்குது," என்பார். மாமி பிளாவை மற்றப் பக்கம் திருப்பி வைப்பார். அடுத்த நாள் கன்று நிமிர்ந்து சாமியைப் பார்த்தபடி நிற்கும். மாமியும் அப்படித்தான், வாயால் சொல்லாமல் எல்லாவற்றையும் திருப்பி வைப்பார்.

மார்கழி மழை இறங்கியது. பெரியப்பா தன் வளவில் கிடுகு மறைத்துப் போட்டிருந்த புகையிலை மேடை கரைந்து வாய்க்காலோடு போனது. ஊரில் பலருக்கும் அதே கதிதான். எங்கள் சாமி அறையில் மட்டும் மிளகாய்க் கன்று நாலாம் இலை விட்டது. அந்த நாட்களில் பெரியப்பாவின் தேவாரம் கொஞ்சம் சுருங்கிப்போனதாக எனக்கு ஞாபகம்.

ஆனால் அவர் சொன்ன அந்த நாட்களும் வந்தன. துடக்கு என்றால் மாமி சாமி அறைக்கு வரக்கூடாது, விறாந்தையோடு ஒட்டிய சின்ன அறையில் இருக்க வேண்டும். எதற்கு என்று எனக்குத் தெரியாது. மாமியும் சாமியும் மாதம் ஒரு தடவை கோபம் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்து வைத்திருந்தேன். யாரில் பிழை என்றுதான் விளங்கவில்லை. அம்மாவுக்கு விடிய எழும்பிச் சமைத்துப் பள்ளிக்கூடம் ஓடவே நேரம் சரி. கன்றுகள் என் கைக்கு வந்தன.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மாமி தன் அறை யன்னலுக்குள் இருந்து சொல்வார், நான் செய்வேன். "தண்ணியை ஊத்தாதை பிள்ளை, கையாலை தெளி." "உள்ளங்கையாலை மேலாலை ஒருக்காத் தடவிவிடு. காத்து அடிக்குதெண்டு நினைச்சுத் தண்டு தடிக்கட்டும்." காலையும் மாலையும் கன்றுகளைத் தடவினேன். என்னுடைய தம்பி தங்கைகளுக்குக்கூட (எனக்கு இல்லை, இருந்திருந்தால்) அவ்வளவு செல்லம் கிடைத்திருக்காது.

தை நெருங்க மழை விட்டு விட்டுப் பெய்தது. வீட்டுக்குள்ளே வளர்ந்ததைத் திடீரென்று வெயிலில் நட்டால் சுருண்டு செத்துப்போகும், வெளியில் பழக்க வேண்டும் என்றார் மாமி. முதலில் விறாந்தை. பிறகு முருங்கை நிழல். பிறகு காலை வெயில் கொஞ்சம். பின்னேரம் திரும்ப உள்ளே. வாடைக்காற்றில் கன்றுகள் முதல் நாள் மிரண்டு தலை குனிந்தன, சில நாளில் திமிராக நின்றன. பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது மாமிக்கும் சாமிக்கும் திரும்பவும் கோபம் வந்துவிட்டது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடமும் அப்போதுதான் திரும்பத் தொடங்கியிருந்தது. காலையில் எல்லாப் பிளாவையும் நானே முற்றத்துக்குத் தூக்கி வைத்துவிட்டுப் போனேன். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அம்மாவும் வெயிலை நம்பி, என்னோடு சேர்ந்து வெளிக்கிட்டார்.

நடுப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் பாடத்தில் மழை தகரக் கூரையைப் பிய்த்துவிடும் போல் கொட்டியது. ஆசிரியை ஏதோ சொன்னார், எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் கன்றுகள் முற்றத்தில் நிற்கின்றன. வீட்டில் மாமி மட்டும். மாமி தொட்டால் கருகும், தொடாவிட்டால் அழுகும். காணி புகையிலைக்குப் போய்விடும், மாமி அதைப் பற்றி இனி ஒருநாளும் வாய் திறக்க முடியாது. மணி அடித்ததுதான் தாமதம், அம்மாவுக்கும் காத்திராமல் ஓடினேன். ஒழுங்கையெல்லாம் முழங்கால் தண்ணீர். ஒரு செருப்புப் போய்விட்டது. அழுதுகொண்டே ஓடினேன், மழையில் யாருக்கும் தெரியாது என்பது வசதியாக இருந்தது.

முற்றம் வெறுமையாகக் கிடந்தது. பிளாக்கள் வெள்ளத்தில் மிதந்து போய்விட்டன என்று நினைத்து வேலிக் கரையெல்லாம் தேடினேன். பிறகு சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

எல்லாக் கன்றும் அங்கே நின்றன. மிளகாய் ஒரு பக்கம், தக்காளி ஒரு பக்கம், ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்குப் பார்த்தபடி. நிலம் புதிதாகத் துடைத்த மாதிரி ஈரமாக இருந்தது, கால் வைத்ததும் சறுக்கி விழுந்தேன். எழும்பி மாமியிடம் ஓடினேன். அவர் தன் அறையில் பாயில் இருந்து தலைமயிரைத் துவாயால் துவட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் மாமி தூக்கி வைச்சது?"

"நான் இந்த அறையை விட்டு வெளிக்கிட ஏலுமே பிள்ளை?" என்றார் மாமி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "சாமி அறையிலை இருக்கிற ஆளைப் போய்க் கேள்."

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. நனைந்த சட்டையோடு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். "பெரியப்பா, முருகன் கண்டெல்லாத்தையும் தூக்கி உள்ளுக்கு வைச்சிட்டார்."

பெரியப்பா குடையோடு வந்தார். கும்பிட வந்த ஆளில்லை, கையும் களவுமாகப் பிடிக்க வந்த ஆள். குனிந்து ஒவ்வொரு கன்றின் இலையையும் நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். அடுத்த நாளும் வந்து பார்த்தார். அதற்கடுத்த நாளும் பார்த்தார். கருகலும் இல்லை, சுருளலும் இல்லை. கன்றுகள் மழை குடித்த பூரிப்பில் கொழுத்து நின்றன. அன்று அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கன்றுகளுக்கு நடுவில் அவ்வளவு பெரிய உடம்பு விழுவதற்கு இடம் இருந்ததே அற்புதம்தான்.

பொங்கல் முடிந்த கையோடு மாமியின் காணியில் நடுகை. மாமி தலை முழுகிச் சாமியோடு சமாதானமாகியிருந்தார். மாரியில் எல்லோருடைய மேடையும் போய்விட்டதால், ஊரில் நடக்கூடிய கன்று எங்களிடம்தான் இருந்தது. வேடிக்கை பார்க்க அயல் முழுக்க வேலியில் நின்றது. பெரியப்பாதான் வரம்பில் நின்று விளக்கம் கொடுத்தார். தோற்றவர் போலவே இல்லை, தானே வேண்டுதல் வைத்து வரவழைத்தவர் போல இருந்தார்.

"அண்டைக்கு வீட்டிலை இவள் மட்டும்தான். துடக்குக் கை பட்டிருந்தால் இலை அடுத்த நாளே கருகியிருக்கும். நான் ஒவ்வொண்டாப் பாத்தனான், ஒரு நுனி கருகேல்லை. அப்ப ஆர் தூக்கினது? உது மனிசக் கை இல்லை."

பாத்திக்குள் குந்தியிருந்து பிளாவை மண்ணில் இறக்கிக்கொண்டிருந்த மாமி சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அப்படியே வரம்பில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். மாமி அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை. முருகனே கைவைத்த கன்று என்ற சந்தோசம் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் போகம் மிளகாய் காய்த்த காய்ப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கொப்புத் தாங்காமல் தடி ஊன்றினோம். தக்காளி பழுத்து, அயலெல்லாம் கொடுத்து முடியாமல் குசினியில் குவிந்து கிடந்தது. காணியில் புகையிலை என்ற பேச்சே பிறகு எழவில்லை. இன்றைக்கும் அதில் மாமிதான் தோட்டம் செய்கிறார். மாரியில் கன்றுக்கு வருகிறவர்களைப் பெரியப்பாவே கூட்டிக்கொண்டு வருகிறார்.

அந்த வெற்றியைப் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சந்திச் சந்தியாய்ச் சொல்லித் திரிந்தவள் நான்தான். தலைமயிர் ஏன் நனைந்திருந்தது, நிலம் ஏன் துடைத்திருந்தது, சின்ன அறைக்குள் இருந்தவரின் நகத்துக்குள் செம்மண் எப்படி வந்தது என்று ஒன்றையும் நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கண்டேன், எல்லாவற்றையும் முருகனுக்கே எழுதி வைத்தேன்.

நடுகை முடிந்து, கிணற்றடியில் மாமி கை கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கவலை வந்தது. அடுத்த வருசமும் மழை வருமே.

"முருகன் அடுத்த முறையும் வருவாரே மாமி?"

மாமி கையை உதறி, தண்ணீரை என் முகத்தில் தெளித்தார்.

"வருவார் பிள்ளை. ஒருக்கா வந்து பாத்திட்டாரெல்லே, இனி அவருக்குப் பயமில்லை."

முருகனுக்கு யாரிடம் பயம் என்று யோசித்தபடியே நான் அவருக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தேன்.