வைத்தியநாதன் சொந்தமாகச் சொன்ன வாக்கியம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுங்கா பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் பதினேழாயிரம் பேர் நின்றிருந்தார்கள். கையில் கூப்பனும் காலி பாட்டிலுமாக நான் அந்தச் சேனையை முன்னேற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் கட்டிடத்து வாட்ச்மேன் வந்து, "சாப், வைத்தி சாப் ஆஃப் ஹோ கயா" என்றார். பம்பாய் ஹிந்தியில் மரணத்துக்கு இதைவிடச் சுருக்கமான சொல் கிடையாது. பாலை வாங்கிக்கொண்டுதான் போனேன். அந்த வீட்டில் அன்று வருகிறவர்களுக்குக் காப்பி வேண்டியிருக்குமே.

வைத்தியநாதனுக்கு வயது நாற்பத்தொன்பது. குளித்து, வேஷ்டி மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வருஷம் நானும் அவரும் டிராம்பே பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் டெஸ்பாட்ச் பிரிவு. அவர் மேனேஜரின் ஸ்டெனோ. குடியிருப்பும் ஒரே கட்டிடம். அவர் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது. ஆகவே வாழ்நாள் முழுவதும் அவர் தலைக்கு மேல்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்நாளில் மாட்டுங்காவில் குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன் ஷார்ட்ஹாண்ட் வகுப்பில் இடம் பிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பிரதேசத்திலேயே வைத்தியநாதன் சக்ரவர்த்தி. அவர் பென்சில் ஓடும் வேகத்தில் காகிதம் பற்றிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள் என்று கம்பெனிக்கு நான் மனுவே கொடுத்திருக்கிறேன். மேனேஜர் சொன்னதில் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. தப்பாகச் சொன்னால் தப்பாகவே டைப் ஆகி வரும். "திருத்தப்படாதோ ஓய்?" என்று கேட்டால், "அவர் சொல்றதை எழுதத்தான் எனக்குச் சம்பளம். நான் நினைக்கறதை எழுத இல்லை" என்பார்.

ஏழு வருஷத்துக்கு முன் கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஆபீசர் பதவி மானேஜ்மென்ட் டிப்ளமா பெற்றவர்களுக்கே. வேலையிலிருப்பவர்கள் படித்துப் பாஸ் செய்தால் அவர்களுக்கும் உண்டு. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குள். அமெரிக்காவில் இதே படிப்புக்கு எம்.பி.ஏ. என்று பெயராம். வைத்தியநாதனுக்கு அப்போது நாற்பத்திரண்டு. இதை விட்டால், தான் டைப் அடித்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு உள்ளே வந்த பையன்களுக்குக் கடைசிவரை அவர் ஸ்டெனோ. அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் அவர் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியாது.

வேலையை விடாமல் படிக்க வழிகள் இரண்டு. ஒன்று தபால் படிப்பு: பாடம் வீட்டுக்கு வரும், பதில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றது தெற்கே ஃபோர்ட் பகுதியில் மாலைக் கல்லூரி: வாரம் மூன்று நாள், இரண்டு வருஷம். ஸ்டேஷன் அருகே காப்பி ஹோட்டலில் இதற்காக நாங்கள் நடத்திய ஆலோசனையில் குடித்த காப்பியை ஊற்றினால் மாஹிம் கடல் ஒரு சாண் உயரும்.

"தபால்தான் ஓய். ஆபீஸ் முடிஞ்சு பஸ் ஏறி செம்பூர், அங்கேர்ந்து ரயில் ஏறி வி.டி. ஸ்டேஷன், அப்புறம் நடை. திரும்பி வரச்சே உம்ம பொண்ணுகளே, யார் இந்த மாமான்னு கேக்கும்" என்றேன்.

"தபால்ல வர்ற பாடத்தை யார் சொல்லுவா?"

"யாரும் சொல்ல வேண்டாம். நீரே படிச்சுக்கணும்."

"அது நமக்குச் சரிப்படாது. ஒருத்தர் பேசணும், நான் எழுதணும். அப்பத்தான் மண்டையில ஏறும்."

காரணம் சரியாகத்தான் பட்டது. மாலைக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் புகழ் பரவியதைச் சொல்ல எனக்கு ஆயிரம் நாக்கு வேண்டும், இருப்பது ஒன்று. வகுப்பில் மற்றவர்கள் எஞ்சினியர்கள், அதிகாரிகள். ஆபீஸ் களைப்பில் பாதிப்பேர் உட்கார்ந்தபடி தூங்குவார்கள். வைத்தியநாதன் மட்டும் புரொஃபசர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, மறுநாள் கார்பன் வைத்து டைப் செய்து எல்லோருக்கும் கொடுப்பார். இரண்டு வருஷமும் அந்த வகுப்பு அவர் காகிதத்தைப் படித்தே கரையேறியது.

பரீட்சை முடிவு வந்தது. நோட்ஸ் வாங்கியவர்கள் அனைவரும் பாஸ். நோட்ஸ் கொடுத்தவர் ஒரு பேப்பரில் ஃபெயில்.

இது அநியாயம் என்று, அவரை இழுத்துக்கொண்டு புரொஃபசரிடம் நானே படையெடுத்தேன். அவர் பொறுமையாக விடைத்தாளை எடுத்துக் காட்டினார். தொழிலாளர் நிர்வாகம் பற்றிய கேள்விக்குப் பதினொரு பக்கம் பதில். அத்தனையும் புரொஃபசரின் லெக்சர், எழுத்துப் பிசகாமல். அவர் நடுவில் சொன்ன நகைச்சுவைத் துணுக்கு கூட இருந்தது. கடைசி வரி: 'மீதியை வரும் வியாழக்கிழமை பார்ப்போம்.'

"மிஸ்டர் வைத்தியநாதன், இது என் லெக்சர். எனக்கு நானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்றல்லவா கேட்டிருந்தேன்?" என்றார் புரொஃபசர்.

வைத்தியநாதன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார்.

மறு பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. அதற்கடுத்த பரீட்சை வருவதற்குள் நாற்பத்தைந்து தாண்டிவிடும். ஆகவே இது ஒன்றே வாய்ப்பு. நான் குருவாகப் பொறுப்பேற்றேன். ஞாயிறுதோறும் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தில் உட்கார வைத்து, "நீர் மேனேஜர். வேலைக்காரா எல்லாம் லேட்டா வரா. என்ன பண்ணுவீர்?" என்று கேட்பேன்.

"சொல்லும்" என்று அவர் நோட்டைத் திறப்பார்.

"நீர்தான் ஓய் சொல்லணும்!"

"நீர் டிக்டேட் பண்ணும், நான் எழுதறேன். அப்புறம் அதை என் அபிப்பிராயமா வச்சுக்கறேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முப்பது வயது கூடியது. குரு ராஜினாமா செய்தார்.

காரியத்தை முடித்தவர் அவர் மனைவி பர்வதம் அம்மாள். கல்யாணமான புதிதில் கணவருக்கு ஷார்ட்ஹாண்டில் ஸ்பீடு ஏறுவதற்காகத் தினமும் ஆங்கிலப் பேப்பரை உரக்கப் படித்து, அவர் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பார்த்துப் பார்த்து அந்த ஷார்ட்ஹாண்ட் கோடுகள் அவருக்கும் கைவந்திருந்தன. ஒலியை எழுதும் கோடுகள்தானே, தமிழும் பிடிபடும். ஒரு நாள் மாலை என்னைக் கீழே கூப்பிட்டார். வைத்தியநாதன் ஊஞ்சலில் இருந்தார்.

"அண்ணா, நீங்களும் கேளுங்கோ" என்று நோட்டைப் பார்த்து வாசித்தார் அந்த அம்மாள். "'எல்லாரையும் பன்னெண்டரைக்கே காண்டீனுக்கு விட்டா க்யூ நிக்காம என்ன பண்ணும்? ரெண்டு பேட்ச்சா விடறது. அதுக்கு எதுக்கு மெமோ? க்யூவில நின்னுட்டு லேட்டா வந்தவனுக்கு மெமோ குடுத்தா பசி அடங்கிடுமோ?'"

"நன்னா இருக்கே. யார் சொன்னது? புரொஃபசரா?" என்று கேட்டார் வைத்தியநாதன்.

"நீங்கதான். நேத்திக்கு ரசம் சாதம் சாப்பிடறச்சே."

"நானா?"

"ஆத்துக்கு வந்தா வாய் ஓயறதா உங்களுக்கு? மூணு வாரமா எழுதி வச்சிருக்கேன். நோட்டே தீந்துடுத்து."

அவர் நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். தம் சொற்களைக் கோடுகளில் அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. இரண்டு இடத்தில், "இது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஓரிடத்தில், "இது சரிதான்" என்றார்.

மறு பரீட்சையில் பதினொரு பக்கம் எழுதவில்லை. மூன்றரைப் பக்கம்தான். ஐம்பத்திரண்டு மார்க். நாற்பத்தைந்து முடிய ஆறு வாரம் இருக்கையில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் உதவி பெர்சனல் ஆபீசர் ஆனார். மேஜை, மணி, ஒற்றைக் கதவுள்ள அறை. கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதும் சிரமம் எனக்குப் பாதியாகியிருக்கும்.

அடுத்த மழைக்காலம். காண்டீனில் சுடலைமுத்து என்று திருநெல்வேலிக்காரர் ஒருவர். ஆண்டாப் ஹில்லில் குடிசை. குடிசைக்குள் தண்ணீர் புகுந்து நான்கு நாள் வேலைக்கு வரவில்லை, சொல்லியனுப்பவும் இல்லை. மேனேஜர் வைத்தியநாதனைக் கூப்பிட்டார். ஃபைலோடு நானும் நின்றிருந்தேன். மேஜைமேல், வைத்தியநாதனை ஆபீசராக நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மூவருக்கும் அது தெரியும்.

"எழுதிக்கொள்ளுங்கள். உம்மை இன்று முதல் வேலையிலிருந்து..." என்று மேனேஜர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

இருபது வருஷப் பழக்கம். பென்சில் தானாக ஓடி, அந்தச் சொற்களைப் பிடித்துவிட்டது. பிறகு நின்றது. வைத்தியநாதன் அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

"நான் இதற்கு ஒப்பவில்லை, சார். தண்ணீர் வடிந்ததும் வந்துவிட்டார். எச்சரித்தால் போதும்."

"உம் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?"

"பரீட்சையில் கேட்டார்கள், சார். அதற்குப் பிறகுதான் இந்த நாற்காலி கொடுத்தீர்கள்."

அவர் குரல் நடுங்கியது. வீரமாக முழங்கினார் என்று எழுத எனக்குக் கை அரிக்கிறது; ஆனால் நடுங்கத்தான் செய்தது. சுடலைமுத்துவுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. நிரந்தரக் கடிதம் ஒரு வருஷம் அந்த மேஜையிலேயே கிடந்தது. பிறகு வந்த பதவி உயர்வுகளில் எதிலும் வைத்தியநாதன் பெயர் இல்லை. "வருத்தமா ஓய்?" என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கு. இருந்தாலும் அந்த லெட்டரை நான் எழுதியிருந்தா ஆத்துல போய் என்ன பேசியிருப்பேன்?" என்றார்.

செவ்வாய் மதியம் சயான் சுடுகாட்டுக்குக் காண்டீன்காரர்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். சுடலைமுத்து வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். அந்த அறையில் நடந்தது அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. சொன்னேன்.

"நாலு வருசமா தெனமும் டீ கொண்டு குடுக்கேன் சார். ஒரு நாளும் ஒண்ணுஞ் சொல்லலியே அவுக."

"சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். "என்ன செஞ்சிருப்பேன்? நின்னு ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். டீய வச்சுட்டு வச்சுட்டு வந்துட்டேன்."

செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டார். உறவினர்களைத் தாண்டி முன்னே போய், நெருப்பு நன்றாகப் பற்றும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை.

போய் வாரும், வைத்தியநாதன்.