அங்கே பார்க்க ஒன்றுமில்லை

பெரியப்பா கப்பலில் சுற்றுலா போகிறார். வேலையை விட்டுவிட்டார், நேரம் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஏறி, மெக்சிக்கோவில் ஒரு நாள் இறங்கிவிட்டு, திரும்பக் கலிபோர்னியாவுக்கே வருகிற கப்பல். போன மாதம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். இறங்கிப் பார்க்கலாமோ, பாதுகாப்போ, இறங்குவதில் பிரயோசனம் ஏதும் உண்டோ என்று என்னைக் கேட்டார். நான் நியூசிலாந்தில், புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள். எனக்கு மெக்சிக்கோவைப் பற்றி என்ன தெரியும். அதைத்தான் சொன்னேன். பிறகு எழும்பிப் போய் சிங்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவினேன். கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினேன்.

இதே கேள்வியை எங்கள் வீட்டில் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதைத்தார்கள். அன்றைக்குப் பதில் சொன்னவர் பெரியப்பாதான். அவருக்கு அது ஞாபகமில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓக்லாந்துக்குப் பக்கத்தில், தகனினியில் வாடகை வீடு. அப்பாவுக்கு வெங்காயம் பொதி பண்ணுகிற இடத்தில் வேலை, அம்மாவுக்கு பாட்டனி டவுன்ஸ் கடைகளில் விடியற்காலைத் துப்புரவு வேலை. அப்பாவின் தங்கை, எனக்கு மாமி, லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். அவருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நாங்களும் பெரியப்பா குடும்பமும் போவதாக ஏற்பாடு. அந்த வருடம்தான் எங்களுக்கு நியூசிலாந்தின் கறுப்பு பாஸ்போர்ட் வந்தது. அப்பா அதை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். எனக்கு டிஸ்னிலாண்ட் போகிற எண்ணம் ஒன்றுதான்.

அம்மா ஒன்று கேட்டார். ஒரு நாள் மெக்சிக்கோவுக்குப் போய்வர வேண்டும். காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிடலாம்.

அம்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. கடையில் சீலை எடுக்கப் போனாலும் மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியதைத்தான் எடுப்பார். அப்படிப்பட்டவர் மெக்சிக்கோ கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, அந்த ஒரு நாள் டிஸ்னிலாண்ட் நாளாகத்தான் இருக்கும் என்று தெரிந்தவுடன் கோபம் வந்தது.

காரணத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகுதான் தெரியும். அம்மாவின் தம்பி, என்னுடைய மாமா, அப்போது அங்கேதான் இருந்தார். ஊரிலிருந்து வெளிக்கிட்டு, ஒவ்வொரு நாடாக மாறி, அமெரிக்க எல்லைக்கு அங்கால, திஹுவானா என்கிற பட்டினத்தில் வந்து நின்றார். உள்ளே எடுப்பார்கள் என்று காத்துக்கொண்டு, எல்லைக் கேட்டுக்குக் கிட்ட ஒரு கூடாரத்தில் படுத்திருந்தார். அவர் பிறந்து கொஞ்ச நாளில் அவர்களுடைய தாய் செத்துப்போனார். இடுப்பில் வைத்து வளர்த்தது அம்மாதான். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடும்போதும் அம்மாவின் இடுப்பில்தான் மாமா இருந்திருக்கிறார். மாமியின் வீட்டிலிருந்து அந்த இடத்துக்குக் காரில் மூன்று மணித்தியாலம்கூட இல்லை.

இது அப்பாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சொன்னவர் பெரியப்பா. மாப்பிள்ளை வீட்டார் பெரிய ஆட்கள். பெண் பகுதியில் ஒருவன் எல்லையில் கூடாரம் அடித்துக் கிடக்கிறான் என்று தெரிந்தால் மரியாதை இல்லையாம்.

அந்த ஞாயிறு அம்மா பக்கத்து வீட்டு அங்கிளைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை. முன்பு சான் டியாகோவில் இருந்தவர், எல்லை தாண்டிப் போய் வந்தவர். அவரிடம் விசாரிக்கத்தான் அம்மா கோழிக்கறி வைத்தார். பெரியப்பா கூப்பிடாமலே வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். எங்களை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டது அவர், அப்பாவுக்கு வேலை பிடித்துக் கொடுத்தது அவர். எங்கள் வீட்டுக் கதவு அவருக்குத் தட்டுகிற கதவு இல்லை.

அங்கிளுக்குச் சந்தோஷம். புத்தி சொல்லக் கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. கார் கொண்டு போகக்கூடாது, இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போய்விடலாம் என்றார். நகை போடக்கூடாது. போத்தல் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். போவது சுகம், வரும்போதுதான் வரிசை நீளம், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

“சேஃபான்னு கேட்டீங்கன்னா சேஃப்தானுங்க அக்கா. நம்ம எல்லாம் பாக்க அவங்க மாதிரியேதான் இருக்கோம். வாயைத் தொறக்காத வரைக்கும் ஒண்ணும் தெரியாது.”

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேட்டார். கேட்டைத் தாண்டினால் அங்கால எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். இருந்து கதைக்க இடம் உண்டோ. சமைத்த சாப்பாடு கொண்டு போனால் பறிப்பார்களோ.

“அங்க போயும் நம்ம சாப்பாடாக்கா? டாக்கோ சாப்பிடுங்க. நம்ம சப்பாத்தி மாதிரிதான்.”

கம்பளிப் போர்வை கொண்டு போகலாமோ என்றும் அம்மா கேட்டார். அங்கிளுக்கு விளங்கவில்லை. கடற்கரையில் விரிப்பதற்கா என்றார். அம்மா ஓம் என்றார்.

பெரியப்பா இதுவரைக்கும் பேசாமல் சாப்பிட்டார். அவருக்கு இங்கிலிஷில் பிடித்த சொல் ஒன்று இருந்தது, டொட்ஜி, நம்ப முடியாதது என்று அர்த்தம். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற இடத்தில் பழகியது. பிடிக்காத எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

“அது டொட்ஜி இடம், பிள்ளை. ஆளைக் கடத்துறாங்கள். கள்ளுக்கடையும் கள்ளரும்தான். அங்கை பாக்க என்ன கிடக்கு?”

“ஒருக்காப் பாக்கோணும், அத்தான்” என்றார் அம்மா.

“அதுதான் கேக்கிறன். என்னத்தைப் பாக்க?”

தமிழில் ஊரையும் பார்க்கலாம், ஆளையும் பார்க்கலாம். சொல் ஒன்றுதான். அங்கிளுக்கு அது ஊராகக் கேட்டது. உடனே கடற்கரை, வேலி கடலுக்குள் இறங்குகிற இடம், வர்ணம் அடித்த கழுதையோடு படம் எடுக்கிற தெரு என்று அடுக்கினார். எனக்கு அது கடையாகக் கேட்டது. பெரியப்பாவுக்கு அது ஆளாகத்தான் கேட்டது. அது தெரிந்துகொண்டேதான் என்னத்தைப் பார்க்க என்று கேட்டார். ஆரைப் பார்க்க என்று கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார். அதனால்தான் அவர் அப்படிக் கேட்கவில்லை. சொல்லத் தெரியாமல் ஒருவன் பிழையாகச் சொன்னால் பொறுக்கலாம். இது தெரிந்து சொன்ன சொல்.

“பாக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை” என்றார் பெரியப்பா. “உமக்கு மெக்சிக்கோத் தொப்பி வேணுமெண்டா இஞ்சையே வாங்கித் தாறன். பெரிய தொப்பியா.”

நானும் சிரித்தேன். அங்கிள் பாவம், சபை கலகலக்கிறது என்று நினைத்துத் தொப்பியின் அளவைக் கையால் காட்டினார். அப்பா சிரிக்கவில்லை. கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தார். கடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. எலும்பைத்தான் கடித்தார்.

பெரியப்பா நிறுத்தவில்லை. நேரான வழியில் போகிறவன் எல்லையில் போய் நிற்க மாட்டான், களவாய் ஓடுகிறவர்கள்தான் அங்கே நிற்பார்கள், அப்படிப்பட்ட இடத்துக்குக் குடும்பப் பெண்கள் போவதா என்று அங்கிளைப் பார்த்துச் சொன்னார். அங்கிள் தலையை ஆட்டினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரியப்பா நியூசிலாந்துக்கு வந்தது ஒரு மலேசியாக்காரனின் பாஸ்போர்ட்டில். அது இரகசியம் இல்லை. பிறந்தநாள் விழாவிலெல்லாம் அவரே எழும்பி நின்று சொல்கிற கதை. எயார்போட்டில் அதிகாரி கேள்வி கேட்டதும், தான் மலாய் தெரிந்தவர் மாதிரி ஏதோ உளறியதும், அவன் நம்பியதும். சொல்லும்போது அந்த அதிகாரி மாதிரி நடித்தும் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அம்மா சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தார்.

“அத்தான், நீங்கள் வேற ஒராளின்ர பேரில வந்து இறங்கேக்கை, உங்களைப் பாக்க எயார்போட்டுக்கு ஆள் வந்ததுதானே.”

“அது வேறை, பிள்ளை” என்றார் பெரியப்பா.

“ஓம். அது வேறைதான்.”

அங்கிள் கையைக் கழுவிக்கொண்டு, பாயசம் இன்னொரு நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்று போய்விட்டார். அம்மா ஏன் இப்படி மரியாதையில்லாமல் கதைக்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு தொப்பிக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.

பெரியப்பா போகும்போது அப்பாவின் தோளில் கை வைத்து, வெளிக்கிடும்போதே சண்டை வேண்டாம், நல்ல காரியத்துக்குப் போகிறோம் தம்பி என்றார். அப்பா ஓம் அண்ணை என்றார். அந்த ஓமோடு மெக்சிக்கோ முடிந்தது.

அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சூட்கேஸ் அடுக்கினார். என்னுடைய உடுப்பை மடித்து வைத்தார், அப்பாவின் வேட்டியை மடித்து வைத்தார். தன்னுடையதை வைக்கவில்லை. அப்பா அதைக் கண்டுவிட்டுக் கேட்டார். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்.

“அவ்வளவு கிட்டப் போயிட்டுப் பாக்காமல் திரும்பி வாறதுக்கு என்னால ஏலாது. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிட்டு வாங்கோ.”

“சனம் கேக்குமே” என்றார் அப்பா.

“லீவு கிடைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

அப்பா கட்டிலில் இருந்தார். நீர் வாரும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் தப்பாக நினைப்பாரோ என்கிற பயம் அவருக்கு உயிர் இருக்கும் வரைக்கும் போகவில்லை. நல்ல மனிதர். ஒருவருக்கும் கெடுதல் செய்யாதவர். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். கெடுதல் நடக்கும்போது பக்கத்தில் பேசாமல் இருந்ததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம். கேட்டது கிடைக்காத பிடிவாதத்தில் கல்யாணத்தையே விடுகிறார் என்று நினைத்தேன். எயார்போட்டுக்குப் போகும்போது நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய ஆட்கள்தான். பெரியப்பா அங்கேயும் எழும்பி நின்று மலேசியா பாஸ்போர்ட் கதையைச் சொன்னார். அவர்களும் விழுந்து சிரித்தார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறையவில்லை.

மாமியின் கணவர் ஒருநாள் எங்களைக் காரில் கொண்டு திரிந்தார். பெரிய தெரு. மேலே பச்சைப் பலகை. இதால் நேரே போனால் எங்கே போகும் என்று அப்பா கேட்டார்.

“சான் டியாகோ. அதுக்கங்கால மெக்சிக்கோதான், மச்சான். ஒரு நாள் போய்ப் பாக்கிறதெண்டா சொல்லும், கொண்டு போறன்.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா கேட்டார். பின்சீற்றில் என் பக்கத்தில் இருந்த பெரியப்பா, அதெல்லாம் வேண்டாம், நேரமில்லை என்றார். அப்பா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அடுத்த நாள் டிஸ்னிலாண்ட் போனோம். முழு நாளும் நின்றோம். நேரம் இருந்தது.

மாமா பிறகு எல்லை தாண்டி உள்ளே போனார். பிடித்து அடைத்தார்கள். கன நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது வவுனியாவில் இருக்கிறாராம். ‘இருக்கிறாராம்’ என்றுதான் சொல்ல முடியும், ஆட்கள் சொல்லித்தான் தெரியும். அக்காவின் குடும்பம் அவ்வளவு கிட்ட வந்து போனதை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அக்கா வரவில்லை என்பதைச் சொன்னார்களோ தெரியாது. அவர் எங்களோடு கதைப்பதில்லை. அம்மா கோல் எடுத்தால் அவர் போனைத் தூக்குவதில்லை. அம்மா இப்போதும் எடுக்கிறார்.

நாங்கள் திரும்பி வந்த அன்றைக்கு ஓக்லாந்தில் நல்ல வெயில். வீட்டுக் கதவு, யன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. அப்பா குளிக்கப் போய்விட்டார். அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். என் கோபம் டிஸ்னிலாண்டோடு போய்விட்டது. மச்சாளின் கூறைச் சேலை, மணவறை, தலைகீழாய்ச் சுற்றுகிற வண்டி என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. இடையில் ஒன்று கேட்டார்.

“அங்கை குளிரோ?”

பகலில் இல்லை, பின்னேரம் ஆனால் குளிர் என்றேன்.

“இரவில?”

அது எனக்கு நல்ல கேள்வியாகப் பட்டது. டிஸ்னிலாண்டில் வாண வேடிக்கைக்காக வெளியில் நின்றதையும், பல்லோடு பல் அடித்ததையும், மாமியின் கணவர் தன் கோட்டைக் கழற்றித் தந்ததையும் சொன்னேன். “ஜாக்கெட் இல்லாட்டி வெளியில நிக்கவே ஏலாது, அம்மா. செத்துப்போவம்” என்றேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி, இரண்டு கையையும் நெஞ்சில் கட்டி, தோளைக் குறுக்கி, எப்படி நடுங்கினேன் என்று நடித்துக் காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சரியாக நடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் கூட்டி, இன்னொருமுறை நடுங்கிக் காட்டினேன்.