ஊசி என்று சொல்லி வைத்தார்

கலியபெருமாள் போய்விட்டார் என்ற செய்தி, இரண்டாம் ஷிப்டுக்குப் பஸ் ஏற நின்றபோது வந்தது. சொன்னவர் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் ஏறவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. அங்கேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் உட்கார முடியவில்லை.

சுரங்கத்தில் என்னோடு பம்ப் பிரிவில் வேலை பார்த்தவர். திருவதிகைக்காரர். வாய் ஓயாது. யார் முகமாவது வாடியிருந்தால், "என்னா சார், கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் கேன்சர் என்ற ஒரு சொல்லை மட்டும் வாயில் வர விடவில்லை. மெட்ராஸ் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கேட்டால், "ஊசி போட்டுக்கினு வர்றேன், அதான்" என்பார். நோய் இன்னதென்று எனக்குத் தெரியும். மறைத்த காரணமும் தெரியும். மகள் செல்விக்கு, சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கிலேயே இருந்த தனபாக்கியம் அம்மாவின் மகனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேன்சர் என்று காதில் விழுந்தால் யார் பெண் எடுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் வாந்திபேதி பரவியது. பிளாக் முனையில் மேசை போட்டுக் காலரா ஊசி போட வந்தார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை. "கலியபெருமாள் தலையைப் பார்த்தீங்க இல்ல? ஊசியால வந்தது" என்று பேச்சு. அட கடவுளே! ஊசி என்று அவர் சொல்லி வைத்தது எங்கே வந்து நின்றது பாருங்கள்.

பயத்தைப் போக்கலாம் என்று அவரே முதல் ஆளாகப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினார். அவர் நோயை அறிந்த டாக்டர், மெட்ராஸில் கேட்காமல் போடக்கூடாது என்று திருப்பிவிட்டார். "சாவப் போறவனுக்கு எதுக்குன்னு நெனைக்கிறாங்களா சார்?" என்று என்னிடம் பொரிந்தார்.

தனபாக்கியம் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "பாத்தீங்களா, அவரே போட்டுக்கல. அண்ணா, இந்த ஊசியாலதானே உங்களுக்கு முடி போச்சு? எம் பேரப்புள்ளைங்களுக்கு நான் போட வுடுவனா?"

கலியபெருமாள் பக்கத்தில் நின்ற செல்வியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அது வேற ஊசி, இது வேற ஊசி தங்கச்சி. எனக்குக் கேன்சர். அதுக்குப் போடுற மருந்தாலதான் முடி போச்சு. இதை எனக்கு இப்பப் போட முடியாதாம். நீங்கள்லாம் போட்டுக்கினாத்தான் நானும் தப்பிப்பேன்."

முதலில் கையை நீட்டியவள் செல்விதான். பின்னாலேயே வரிசை நீண்டது. தனபாக்கியம் அம்மாவும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில், ஜாதகம் ஒத்துவரவில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் கத்த, கலியபெருமாள், "வுடு சார். புள்ளைங்களுக்குப் போட்டாங்க இல்ல, அது போதும்" என்றார். சொன்னாரே தவிர, அன்று முழுக்க ஓரிடத்தில் நிற்காமல் சரியாக இருந்த வால்வுகளையெல்லாம் திருகிக்கொண்டிருந்தார்.

இப்போது இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன நண்பர்கள், 'உடல்நலக் குறைவு' என்று போட்டால் போதும், பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை என்றார்கள். எழுதுவதும் அடிப்பதுமாகத் தவித்தேன். பொறுக்காமல் செல்வியிடமே போய்க் கேட்டேன்.

"என்னைப் பக்கத்துல வெச்சிக்கினுதானே அப்பா சொன்னாரு? நீங்க ஏன் மாமா மறைக்கறீங்க?" என்றாள்.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, அன்று எல்லார் முன்னும் அவர் சொன்ன அந்தச் சொல்லைத்தான். கலியபெருமாள் கேன்சரில் இறந்தார்.