கைக்குத் தைத்த பைஜாமா

தைத்து முடியாத பைஜாமாவைப் புடவையின் மேலேயே மாட்டிக்கொண்டு தாஹிரா குனிகிறார். பிறகு மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து எழுகிறார். தொழுகை அல்ல, வெள்ளோட்டம். எழும்போது ஒரு கை பின்பக்கத் தையலைத் தடவிப் பார்க்கிறது.

"சஜ்தாவுல குனியச்சொல்ல இஸ்துச்சினா அவரு கையி சும்மா இருக்காதுங்க. அவுத்துடுவாரு" என்கிறார் கணவரை நினைத்து.

முருங்கைக்கீரையோடு வந்த எதிர்வீட்டுப் பச்சையம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, புது மாப்பிள்ள மாரி கீற?"

"மாப்பிள்ள உள்ள தூங்கிக்கினு இருக்காரு. கத்தாத."

கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் பின்புறம் வீடு. தாஹிராவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் ஷேக் தாவூது கைலி வியாபாரி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினால் அத்தனையையும் விற்றுவிட்டு வெறுங்கையோடுதான் இறங்கி வருவார். பேண்ட் போட்டவர்களைக் கண்டால், "இன்னாப்பா, ரெண்டு கொழாய்க்குள்ள பூந்துக்கினு வர்ற?" என்று கேட்பார். வாழ்நாளில் இடுப்பில் கைலி தவிர வேறெதையும் அவர் உடுத்தியதில்லை.

இப்போது கடையை மகன் அப்துல் ஜலீல் பார்க்கிறார். தாவூதுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. மகன் பெயர் போய்விட்டது. தாஹிராவைச் சில நாள் "இன்னா வேணும் உங்களுக்கு?" என்று வாடிக்கையாளரைப் போல விசாரிக்கிறார். பள்ளிவாசலுக்குப் போகும் வழி மட்டும் இன்னும் போகவில்லை. வெயில் சாய்ந்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் தானாக எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார். தொழுதுவிட்டுத் திரும்பியும் வந்துவிடுவார். அந்த நடையில் அவர் பழைய தாவூது. அந்த நேரத்துக்காகவே தாஹிரா மற்ற நேரத்தைத் தள்ளுகிறார்.

போன மாதம் அதற்கும் ஆபத்து வந்தது. கட்டு சரியாக விழாமல், காய்கறிக் கடைகளின் முன்னால் கைலி அவிழ்ந்துவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை, நடந்துகொண்டே இருந்தார். யாரோ சிரித்தார்கள். ஜலீல் கடையிலிருந்து ஓடிப்போய்த் துண்டைச் சுற்றி அழைத்து வந்தார். வீட்டுக்குள் வந்ததும் ஜலீல் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

"இன்னொரு தபா இப்டி ஆச்சினா கேட்ட பூட்டிடுவேம்மா. அத்தாவப் பாத்து ஊரு சிரிக்கறத என்னால தாங்க முடியல."

தாஹிரா மகனோடு வாதாடவில்லை. கடையிலிருந்து கட்டம் போட்ட கைலிகளைக் கொண்டுவரச் சொல்லி, மூட்டுத் தையலைப் பிரித்தார். தலையணை உறையும் பாவாடையும் மட்டுமே தைத்துப் பழகிய கை. வேறு துணி எடுக்கலாமே என்றால் மறுத்துத் தலையாட்டுகிறார்.

"புதுசா எதுனா மேல பட்டா 'இது யாருது, கயட்டு'ன்னுவாரு. இது அவரு தொட்டுத் தொட்டு வித்த துணி."

முதல் பைஜாமா எலாஸ்டிக் வைத்தது. அளவு கச்சிதம். போட்டுவிட்டுக் கண்மூடித் திறப்பதற்குள் தாவூதின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின. முன்பக்கத் துணியைக் கூட்டிப் பிடித்தன, வலப்பக்கம் மடித்தன, இடப்பக்கம் மடித்தன. தளர்ந்த கட்டை இறுக்குகிறாராம். கட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் எலாஸ்டிக்கையே சுருட்டிச் சுருட்டிக் கீழே இறக்கிவிட்டார். எது நடக்கக்கூடாது என்று தைத்தாரோ அதுவே நடந்தது. அடுத்ததற்கு நாடா போட்டார். நாடாவை அவர் உருவி எடுத்து, மூட்டை கட்டும் கயிறு என்று ஜன்னல் கம்பியில் பத்திரமாகக் கட்டிவைத்தார்.

"வுட்டுடும்மா, பூட்டே போட்டுக்கலாம்" என்றார் ஜலீல்.

தாஹிரா இரண்டு நாள் தையல் மெஷினைத் தொடவில்லை. கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு எம்மேலதாங்க. காலுக்குத் தெச்சேன். அந்தக் கைக்கி இன்னா வேல குடுத்தேன்?"

இன்று வெள்ளோட்டம் பார்த்தது அதற்குப் பிறகு தைத்தது. எலாஸ்டிக் உள்ளே இருக்கிறது. அதன்மேல் இடுப்பைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குத் தனித்துணி. அடிப்பக்கம் மட்டும் தைத்து, மேல்பக்கத்தைத் தளர்வாக விட்டிருக்கிறார். பிடிக்கலாம், மடிக்கலாம், சுருட்டலாம், அவிழ்க்கலாம். கீழே இருக்கும் பைஜாமாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பாங்கு கேட்டது. தாவூது எழுந்தார். தாஹிரா கடைசித் தையலைப் போட்டு முடித்திருந்த பைஜாமாவை அவசரமாக அவருக்கு மாட்டிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டார். கடையை விட்டு வந்திருந்த ஜலீல் கேட்டருகே நின்றார்.

"நான் கூடப் போறேம்மா."

"வாணாம். பின்னால ஆளு வந்தா வழி மறந்து நின்னுடுவாரு."

தாவூது தெருவில் இறங்கி நடந்தார். காய்கறிக் கடைகளுக்குச் சற்று முன்னால் நின்றார். கைகள் இடுப்புக்குப் போயின. மேல்மடிப்பை முழுக்க அவிழ்த்து விரித்தார். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜலீல் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். தாஹிரா மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

தாவூது துணியைக் கூட்டினார். வலம் மடித்தார், இடம் மடித்தார், கீழ்நோக்கி இறுகச் சுருட்டினார். வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கடைகளைக் கடந்து நேரே போனார்.

"போய்க்கினே இருக்காரும்மா" என்றார் ஜலீல்.

தாஹிரா மகனின் மணிக்கட்டை விட்டுவிட்டு, தன் புடவைக் கொசுவத்தை ஒருமுறை இழுத்து இறுகச் செருகிக்கொண்டார்.