கொடுவாயின் சினை

அருக்காணி கடலைப் பார்த்ததே இல்லை. சேலத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்துகொண்டு, ஐ.என்.ஏ. மார்க்கெட் மீன்கடை ஒன்றில் பதினேழு வருஷமாக மீன் வெட்டிவந்தாள். வாங்குகிறவர் கேட்காத சினை வெட்டுகிறவளுக்கு. அதை மாலையில் கேம்பில் வறுத்து விற்பாள். எந்த மீனில் சினை இருக்கும், எதில் இருக்காது என்பது அவள் பிழைப்பு.

நான் கிட்வாய் நகர்க்காரன், கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். கர்வத்துக்கு அது போதாதா?

தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோ கொடுவா ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "சினை இருந்தா எனக்கே குடும்மா."

"இதுல இருக்காதுங்க சார். சின்னக் கொடுவா எல்லாம் ஆம்பளைங்க. எட்டு, பத்து கிலோ ஆயிட்டா எல்லாமே பொம்பளை. நடுவுல எப்பவோ மாறிடுதுங்க."

சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் சொன்னதை, கடைக்காரர் முதல் வாடிக்கைக்காரர்கள் வரை எல்லோருக்கும் கேட்கும்படி, இந்தியில் எடுத்துவிட்டேன். நான் படித்த படிப்பெல்லாம் வீண், இனி இந்த மேடத்திடம்தான் பாடம் கேட்க வேண்டும் என்று என் பங்குக்கும் சேர்த்தேன். கடையே கொல்லென்று சிரித்தது.

அவளுக்குத்தான் அதற்கப்புறம் நிம்மதி போயிற்று. மற்ற வெட்டுக்காரர்கள் மத்தியையும் இறாலையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டி, இது ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். வாராவாரம் பார்த்தேன். பார்த்து நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

ஆகஸ்டில் நூலகத்தில் வேறெதையோ தேடப் போய் ஒரு ஆய்விதழ் கையில் சிக்கியது. கொடுவா கழிமுகங்களில் பதுங்கியிருந்து, வாய்க்குள் அடங்குகிற எதையும், தன் இனத்துக் குஞ்சைக்கூட, விழுங்கும். ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்ததை இவள் கத்தியும் தராசும் வைத்துப் பார்த்திருக்கிறாள். மீன்களைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் பாடம் நடத்திய எனக்கு அது தெரியவில்லை. முகமெல்லாம் எரிந்தது.

அடுத்த ஞாயிறு, வெட்டுப் பலகைப் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"நீ சொன்னதுதான் சரிம்மா. புஸ்தகத்துலயே போட்டிருக்கு. என்னை மன்னிச்சுக்கோ."

அவள் கத்தி நிற்கவில்லை.

"சந்தோசங்க சார். இதையே இந்தியில சொல்லிடுங்க. அன்னைக்குச் சொன்ன மாதிரி, சத்தமா."

கடைக்காரர் கல்லாவில் இருந்தார். வெட்டுக்காரர்கள் மூன்று பேரும் பக்கத்திலேயே இருந்தார்கள். வாடிக்கைக்காரர்களில் ஒருவர் என் கல்லூரிக்காரர். ஒரே ஒரு வாக்கியம். இந்தி எனக்குச் சரளமாக வரும்.

"இன்னைக்குக் கொஞ்சம் அவசரம்மா" என்றேன்.

அவள் மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். இப்போது எதிர்வரிசைக் கடையில் மீன் வாங்குகிறேன். அங்கிருந்து பார்த்தாலும் அவள் தெரிகிறாள்.