பிள்ளை பெற்ற பின் வந்த இருட்டு

குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் மனைவி பச்சையம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காது கேட்கவில்லையோ என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "கேக்குது" என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கே நோய் தொடங்கிவிட்டிருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது அது நோய் என்றே எங்களுக்குத் தெரியாது. இதே போல் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது திகைத்து நின்றால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் தோலைப் புரட்டிப்போடும் ஆட்களை மேய்ப்பது என் வேலை. பச்சையம்மாள் ஒடுகத்தூர்ப் பக்கத்து விவசாயி மகள். வாய் ஓயாமல் பேசுகிறவள். தாய் இல்லாதவள் என்பதால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. சில வாரங்களில் முதலில் பேச்சு நின்றது. பிறகு தூக்கம். பிறகு சாப்பாடு. பாலும் வற்றிப்போனது.

"பேய்தான்டா புடிச்சிருக்குது" என்றார் என் அம்மா. "வெள்ளிக்கிழமை பூசாரிகிட்ட இட்டுனு போவோம். நாலு அடி வுழுந்தா இறங்கிப் போய்டும்."

நான் அழுகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

அடுத்த வீட்டு ஜமீலா பீ தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர். பசியில் துவண்ட என் மகளை அவர் மடியில் போட்டுக்கொண்டபோது அம்மா முகத்தைச் சுளித்தார். ஜமீலா பீ கண்டுகொள்ளவில்லை. "எனக்கு ஜாஸ்தி ஊறுது அம்மா. இது குடிக்கலன்னா எனக்குத்தான் பேஜார்" என்றார்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது பச்சையம்மாள் கிணற்றடியில் நின்றிருந்தாள். குடமும் இல்லை, கயிறும் இல்லை. "இன்னா பாக்குற?" என்றேன்.

"உள்ள சத்தமே இல்ல" என்றாள்.

கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்தேன். அப்போதே தீர்மானித்துவிட்டேன். முதலாளி முஸ்லிம் என்பதால் கிடங்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பூசாரிக்காகக் குறித்த அதே வெள்ளியன்று அவளை ரயிலேற்றிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா குதிரைவண்டியில் வேலூர் போனேன். அம்மா வாசலில் நின்று திட்டினார். "அவளை யாரும் அடிக்க வுட மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வேலூரில் பெண் டாக்டர்கள் பார்க்கும் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டரம்மா பச்சையம்மாளிடம் வெகுநேரம் பேசிவிட்டு வெளியே வந்தார். "இது மெலங்கோலியா (மனம் இருண்டு உடலும் சோர்ந்துபோகும் நோய்). பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வரும். பேயும் இல்ல, திமிரும் இல்ல. கொஞ்ச நாள் அவங்களைத் தனியா விடக் கூடாது."

அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். தூங்குவதற்குப் புரோமைடு (நரம்புகளைத் தணிக்கும் மருந்து) கொடுத்தார்கள். வேளாவேளைக்கு ஊட்டினார்கள். பெண்கள் வார்டில் நான் தங்க முடியாது. ஜமீலா பீயின் அக்கா வீடு வேலூரில் இருந்தது. ஜமீலா பீ தன் குழந்தையையும் என் மகளையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்து தங்கி, தினமும் என் மகளை வார்டுக்குக் கொண்டுபோனார். வெள்ளிதோறும் நான் போனேன்.

ஒரு வெள்ளி, குழந்தையை மடியில் வைத்தபோது பச்சையம்மாள் டாக்டரிடம் சொன்னாள்: "எனக்கு இது மேல ஒண்ணுமே தோணல டாக்டரம்மா."

டாக்டரம்மா பதறவில்லை. "தோணலன்னா பரவாயில்ல. புடிச்சுக்கோங்க, போதும். தோணுறது அப்புறம் வரும்."

அது வர நாளாயிற்று. சில வாரம் தேறினாள், சில வாரம் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள். வீண் அலைச்சல் என்றார்கள் உறவினர்கள். நான் போவதை நிறுத்தவில்லை. பிறகொரு வெள்ளி வார்டு வாசலை நெருங்கும்போதே அவள் குரல் கேட்டது. உரத்த, கோபமான குரல். "புள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. இத்தினி பேர் இருக்கீங்க, ஒருத்தரும் பாக்கலியா?"

ஜமீலா பீ திட்டு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவளே சொன்னாள். "எனக்கு இருட்டுற மாதிரி இருக்குதுங்க. வண்டி கூப்பிடுங்க." நான் ஜட்காவோடு வருவதற்குள் அம்மா கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தயாராக நின்றார். யாரும் சொல்லாமலேயே முதலில் ஏறி உட்கார்ந்தார். அந்த முறை இருட்டு சீக்கிரம் விலகியது.

இப்போதும் சில நாள் அவள் பேச்சு குறைந்துவிடும். அப்படிப்பட்ட காலைகளில் அந்த இருட்டு திரும்பி வருகிறதோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கிடங்கு மணி அடித்தாலும் கிளம்ப மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளாக "நேரமாவுது, போங்க" என்று சொல்லும்போதுதான் எனக்குப் பொழுது விடிகிறது.